நாற்காலி, அருகே ஒரு பெண்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் நிழற்பட நூலகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. நூலகம் என்றதும் அங்கே புத்தகம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது நிர்வாகக் குழு. ஒரு தலைவர், தலைவர் வராத நாளில் தலைவராக இருக்கத் துணைத்தலைவர்கள், துணைத்தலைவர்களுக்குள் சண்டை வந்தால் விலக்கிவிட ஓர் ஆலோசகர், இவர்கள் எல்லாரும் உட்கார வெல்வெட் தைத்த நாற்காலிகள். வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. போன ஆண்டு விழாவில் மிச்சமான மினரல் வாட்டர் பெட்டிகள் அதில் உட்கார்ந்திருந்தன.

1997ஆம் வருஷம். நாடு முழுக்கக் கணினி, கணினி என்று ஒரே பேச்சு. நூலகத்துக்கும் எங்கிருந்தோ மானியம் வந்து, ஒரு கணினியும், படத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரும், சிடி எழுதும் பெட்டியும் வந்து இறங்கின. உடனே தமிழ்ப் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு அறிவிப்பு. அந்தக் கால் பக்கத்தில் முக்கால்வாசி இடத்தைத் அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் சபாபதியின் படம் பிடித்துக்கொண்டது. மிச்ச இடத்தில், "உங்கள் வீட்டுப் பழைய நிழற்படங்களைக் கொண்டுவாருங்கள். நூறாண்டு அழியாத தங்க சிடித் தட்டில் ஏற்றிப் பாதுகாப்போம். பெரிதாக்கிய பிரதி ஒன்று இலவசம்" என்று இருந்தது.

இதை நம்பி வந்தவர்களில் ஒருவர் அய்யாவு. தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் ஓர் அட்டைப்பெட்டி ஆலைக்கு லோரி ஓட்டுகிறவர். வீடு கம்போங் மேடானில். மனைவி நல்லம்மாள், மகள் சீதாலெட்சுமியைப் பெற்றுப் போட்ட அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த மகளுக்குத்தான் இப்போது கல்யாணம். தீபாவளி கழிந்த மறுவாரம் முகூர்த்தம். தாய் இல்லாத பெண், தாயின் படத்துக்கு மாலை போட்டு விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மணவறைக்குப் போகவேண்டும். அது இல்லாமல் சீதாலெட்சுமி கழுத்தை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நல்லம்மாளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு படம் இருந்தது. கல்யாணமான புதிதில் கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, உள்ளங்கை அகலம், கறுப்பு வெள்ளை. நெகட்டிவைக் கேட்கப்போனபோது ஸ்டூடியோவே இல்லை, அங்கே ஒரு டயர் கடை இருந்தது. அடையாள அட்டையான ஐ.சி.யில் ஒரு முகம் இருந்தது. இறந்தவருடைய ஐ.சி.யை ஒப்படைத்துவிட வேண்டும், அதுதானே சட்டம், ஒப்படைத்தாயிற்று. மிஞ்சிய அந்த ஒரு படத்திலும் பூஞ்சை பிடித்து, ஓரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக முகத்தைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, அது அம்மா மூஞ்சிக்கு வர்றதுக்குள்ள ஏதாச்சும் செய்யுங்கப்பா," என்றாள் சீதா.

அய்யாவு படத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

அவரை எதிர்கொண்டவர் பாதுகாப்புத் துறைத் தலைவர் சீவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் கோப்புகளுக்கு ரப்பர் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு குத்துவதற்கு எதுவும் இல்லாமல் கை நடுக்கம் கண்டு, நூலகம் கிடைத்ததும் நடுக்கம் நின்றதாக அவரே சொல்லுவார்.

"நில்லும், நில்லும்! வெறுங்கையால படத்தைத் தொடாதேயும்," என்று அலறினார். "கையில எண்ணெய் இருக்கும். உலக நூலகங்கள் எல்லாத்திலயும் இதுதான் முறை." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை எடுத்து நீட்டினார். அந்தக் கையுறையில் யாரோ முந்தாநாள் கூட்டத்தில் வடை சாப்பிட்டிருந்தார்கள். அய்யாவு மாட்டிக்கொண்டு, அதுவரை எண்ணெய் படாமல் இருந்த படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். படத்தின் ஒரு மூலையில் மஞ்சளாக ஒரு விரல் பதிந்தது.

"படத்தில இருக்கிற முக்கியஸ்தர் ஆர்?"

"எம் பொஞ்சாதி சார். நல்லம்மா."

"பதவி?"

"பதவின்னா சார்?"

"சங்கத் தலைவி? மாதர் பிரிவு? தலைமையாசிரியை? ஏதாவது?"

"ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனா சார்."

சீவரத்தினம் பேனாவை மூடினார். "பாரும் அய்யாவு. எங்கட முறையில படங்களை முக்கியஸ்தர்ட பேரிலதான் அடுக்கிறது. முக்கியஸ்தர் இல்லாட்டி, படத்தில முக்கியமான பொருள் எதுவோ அதின்ட பேரில." பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் குனிந்தார். முகத்தைத் தாண்டினார், சேலையைத் தாண்டினார், அவள் கை வைத்திருந்த இடத்தில் நின்றார். "அட! என்ன அருமையான கதிரை! சிங்கக் கால் பாத்தீரோ? வெள்ளைக்காரன்ட காலத்துச் சாமான்."

பேனாவைத் திறந்து, அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதினார்: நாற்காலி, ஐரோப்பிய பாணி. அருகே ஒரு பெண்.

"அவ பேரு நல்லம்மா சார். பக்கத்துல எழுதிக்கிறீங்களா?"

"கதிரைக்குப் பேர் தேவையில்லை," என்றார் சீவரத்தினம், முத்திரையைக் குத்திக்கொண்டே.

அய்யாவு தலையை ஆட்டினார். படித்தவர்கள், முறை தெரிந்தவர்கள், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இப்படி நினைத்துக்கொள்கிற ஆட்கள் நம்மில் இருக்கிறவரை எந்தச் சங்கத்துக்கும் குறைவு வராது.

படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, ஸ்கேனர் வேலையை ஆரம்பிக்கவில்லை. அதை இன்னும் டத்தோ திறந்துவைக்கவில்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மேலே குறுக்காக ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, கல்யாணப் பெண்ணை மாதிரி மூலையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அய்யாவு லோரியைக் கீழே நிறுத்திவிட்டு வாரம் ஒருமுறை மாடி ஏறி வந்து பார்ப்பார். டத்தோ ஒரு வாரம் ஈப்போவில் இருந்தார். ஒரு வாரம் ஒரு சாவு வீட்டில் தலைமை தாங்கினார். ஒரு வாரம் வந்தேவிட்டார், ஆனால் ராகு காலம் என்று காரிலிருந்து இறங்கவில்லை. கீழே பூமாலைக் கடைக்காரர்தான் பாவம், ஒவ்வொரு வாரமும் ஆள் உயர மாலை கட்டி, ஒவ்வொரு வாரமும் வாட விட்டார்.

கடைசியில் ஒருநாள் திறப்பு விழா நடந்தது. வெள்ளித் தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வந்தது. டத்தோ ரிப்பனை வெட்டினார். படம் எடுப்பவர் பிளாஷ் அடிக்கவில்லை என்று இன்னொரு ரிப்பன் கட்டி மறுபடி வெட்டினார். கணினி வேலை பார்க்கச் சேர்த்திருந்த குணபூசணி என்ற பெண், "டத்தோ, முதல் படமா எதை வைக்கலாம்?" என்று கேட்டாள். டத்தோ யோசித்தார். பிறகு ஸ்கேனரின் மூடியைத் திறந்து தம் வலது கையை, மோதிரங்களோடு, கண்ணாடிமேல் விரித்து வைத்தார். "என் ஆசீர்வாதத்த முதல்ல ஏத்துங்க," என்றார். விளக்கு ஒருமுறை ஓடியது. திரையில் டத்தோவின் உள்ளங்கை, ரேகை ரேகையாக வந்து நின்றது. சீவரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு டத்தோ பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! எனக்குக் கணினி தெரியாது. அதை நான் பெருமையோடு சொல்கிறேன். தெரிந்தவன் தலைவனாக இருந்தால் வேலை செய்கிறவன் பயப்படுவான். இங்கே யாருக்கும் பயம் இல்லை. நம் சமுதாயத்தின் முகங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. அந்த முகங்களை நான் பார்த்ததில்லை. பார்க்க நேரமும் கிடையாது. ஆனாலும் காப்பேன்! பார்க்காமலே காப்பதுதான் உண்மையான தொண்டு!"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அய்யாவும் தட்டினார்.

அய்யாவின் படத்தின் முறை வந்தபோது அவர் பக்கத்திலேயே நின்றார். குணபூசணி நல்ல பெண். "வாங்க அங்கிள், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, மினரல் வாட்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இடம் கொடுத்தாள். விளக்கு ஓடியது. கணினித் திரையில் முதலில் ஸ்டூடியோத் திரைச்சீலை வந்தது, பிறகு வகிடு, பிறகு நெற்றி, பிறகு நல்லம்மாள் முழுதாக. குணபூசணி ஏதோ தட்டினாள். முகம் மட்டும் திரை முழுக்கப் பெரிதானது.

அய்யாவு குனிந்து திரைக்குக் கிட்டே போனார். உள்ளங்கை அகலப் படத்தில் கடுகளவு இருந்த முகம் இப்போது அவர் முகத்தைவிடப் பெரிதாக எதிரே இருந்தது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில், ஒரு பக்கமாக, சின்ன மச்சம் ஒன்று. அது இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்த மச்சத்தைச் சொல்லி அவளைக் கேலி செய்ததும், அவள் விறகுக் கட்டையால் அடிக்க வந்ததும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்து, குணபூசணி முன்னாலேயே அழுதுவிட்டார்.

"ஆன்டி ரொம்ப அழகு அங்கிள்," என்றாள் அவள்.

"இத அப்படியே ஒரு பிரிண்ட் போட்டுக் குடும்மா. போதும். நான் போயிடுறேன்."

"முடியாதே அங்கிள். பிரிண்ட் எல்லாம் டத்தோ கையால மேடையில வச்சுத்தான் குடுக்கணும். ரூல்லா. சரஸ்வதி பூஜை அன்னிக்கு ஃபங்ஷன் வச்சிருக்காங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அய்யாவு மகளிடம் சொன்னார். "அம்மாக்கு மூக்குக்குக் கீழ ஒரு மச்சம் இருந்துச்சு சீதா. நம்ப படத்துல தெரியாது. அங்க பெருசா தெரியுது."

"எந்தப் பக்கம்பா?" சீதா கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டு கேட்டாள். அவளுக்கு மச்சம் இல்லை. இருந்தாலும் தேடினாள்.

"பெருசு பண்ணிக் குடுக்கப்போறாங்க. நீயே பாத்துக்க."

ஆகஸ்டு மாதம் எங்கோ எரிந்த காட்டுத்தீயால் ஊரெல்லாம் புகை சூழ்ந்து, எதிரே வரும் வாகனம் தெரியாமல் அய்யாவு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்த நாளில், சீவரத்தினம் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"அய்யாவு, உம்மட லோரி கோலாலம்பூரில பெட்டி இறக்கிப்போட்டு வெறுமையாத்தானே திரும்புது?"

"ஆமா சார்."

"எங்களிட்டக் கொஞ்சம் கழிவுக் காகிதம் கிடக்கு. உங்கட ஆலைக்கு அதுதானே வேணும். சமுதாயத் தொண்டா நினைச்சு ஏத்திக்கொண்டு போம்."

நல்லம்மாளின் படம் இவர்கள் கையில் இருக்கும்போது அய்யாவு எப்படி மறுப்பார்? வாய் கட்டிய சாக்குகளைத் தோளில் தூக்கி, இரண்டு மாடி இறக்கி, லோரியில் அடுக்கினார். காகிதத்துக்குக் கொஞ்சம் அதிகக் கனமாகத்தான் இருந்தது. ஆலையில் அவரே இறக்கினார், காகிதக் கூழ்த் தொட்டிக்குப் போகும் ஓடும் பெல்ட்டில் அவரே கொட்டினார். புகையில் கண் எரிந்ததால் என்ன விழுகிறது என்று பார்க்கவில்லை. மறுநாள் நூலகத்தில் அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்திப் படம் எடுத்தார்கள்.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த பிறகு அய்யாவு மறுபடி மாடி ஏறினார். "சார், பிரிண்ட் பூஜைக்கே குடுங்க. ஒரிஜினல இப்ப வாங்கிட்டுப் போறேன். சாமி ரூம்ல வைக்கணும்."

சீவரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரிஜினலுக்கு ஓய்வு குடுத்தாச்சு."

"ஓய்வுன்னா? எங்க சார் இருக்கு?"

"எங்க இருக்கோ? நீர்தானே கொண்டுபோனீர்."

அய்யாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மினரல் வாட்டர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நிர்வாகக் குழுத் தீர்மானம்," என்று சீவரத்தினம் பொறுமையாக விளக்கினார். "ஒரே படம் காகிதத்தில ஒண்டு, தட்டில ஒண்டு எண்டு இருந்தா, எது உண்மையானது எண்டு வருங்காலம் குழம்பும். அதோட காகிதத்துக்குப் பூஞ்சை வரும், கரப்பான் வரும். இனி உம்மட படத்துக்கு ஒரு ஆபத்தும் வராது. விளங்குதோ?"

"யாரக் கேட்டு சார் செஞ்சீங்க?" அய்யாவு கத்தினார். வாழ்க்கையில் ஓர் உத்தியோகஸ்தரைப் பார்த்து அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. "என் கையாலயே கொண்டுபோயி... என் கையாலயே அவளக் கொட்ட வச்சிட்டீங்களே! நீங்கல்லாம் மனுஷங்களா?"

சத்தம் கேட்டு டத்தோ உள்ளறையிலிருந்து வந்தார். அய்யாவின் தோளில் கை வைத்தார். "ஏன் அய்யாவு சூடாவுற? தட்டுல இருக்குப்பா. தங்கத் தட்டு. நூறு வருஷத்துக்குக் கேரண்டி. நீ நூறு வருஷமா இருக்கப்போற?"

அய்யாவு அன்று ஆலைக்குப் போய்க் கூழ்த் தொட்டியின் விளிம்பில் நின்று பார்த்தார். ஆகஸ்டு மாதத்துக் காகிதம் எல்லாம் எப்போதோ பெட்டியாகி, பிஸ்கட் கம்பெனிக்கும் சோப்பு கம்பெனிக்கும் போயிருந்தது. சூப்பர்வைசர் வந்து, "என்னாண்ணே, சாவி கீவி விழுந்திருச்சா?" என்று கேட்டான்.

மகளிடம் அவர் சொல்லவில்லை. தட்டில் இருக்கிறதே, பெரிய படம் வந்துவிடுமே, எதற்குச் சொல்லி அழ வைப்பது என்று விட்டுவிட்டார்.

இனி தட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். படங்கள் அத்தனையும் ஒரே ஒரு சிடியில் இருந்தன. கணினியின் வயிற்றிலும் ஒரு பிரதி இருந்தது, ஆனால் டத்தோவின் மணிவிழா மலருக்கு இடம் போதாமல் அதை அழித்துவிட்டார்கள். இன்னொரு சிடியில் போட்டு வேறு இடத்தில் வைக்கலாம் என்று குணபூசணி கூட்டத்தில் எழுந்து சொன்னாள். சீவரத்தினம் அவளை உட்காரச் சொன்னார். "விதிப்படி ரெண்டு பிரதி இருக்கவேணும். இருக்கு. ஒரே தட்டில ரெண்டு தரம் ஏத்தியாச்சு. ரெண்டும் ஓரிடத்தில இருந்தாத்தான் தேட லேசு." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சரஸ்வதி பூஜை வந்தது. கணினிக்கும் ஸ்கேனருக்கும் பெருமாலை, சந்தனம், குங்குமம். சிடி எழுதும் பெட்டிக்குக் கீழே எலுமிச்சம்பழம். நடுநாயகமாக வாழையிலையில், நெல் பரப்பி, அந்தத் தட்டு. ஆறு மணிக்குப் பூஜை, பிறகு பிரிண்ட் போட்டு மேடையில் வழங்குதல் என்று ஏற்பாடு. அய்யாவு முதல் வரிசையில் இருந்தார். சீதாவால் வரமுடியவில்லை, தொழிற்சாலையில் ஷிப்ட்.

பூசாரி சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். தட்டின் ஒரு பக்கத்தில் டத்தோ சிரித்த முகமாக அச்சாகியிருந்தார். டத்தோவின் முகத்தில் சந்தனத்தை அப்ப முடியுமா? அதனால் தட்டை மெதுவாகத் திருப்பி, பளபளப்பான பக்கத்தில் சுற்றிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, சாமி! அந்தப் பக்கம் வேணாம்!" குணபூசணி ஓடிவந்தாள். "படம் எல்லாம் அதுலதான் இருக்கு. மேல் பக்கத்துல வைங்க."

"டத்தோ மூஞ்சிலயாம்மா வைக்கச் சொல்ற?" என்றார் பூசாரி.

டத்தோ புன்னகையோடு குணபூசணியைப் பார்த்தார். "கணினி தெரிஞ்சா போதாதும்மா, பக்தியும் வேணும். சரஸ்வதிக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுது?"

சந்தனம் காய்ந்தது. சூடம் காட்டினார்கள். தட்டை எடுத்துப் பார்த்தபோது அது புள்ளி புள்ளியாக மங்கிக் கிடந்தது. இந்தக் கோலத்தில் பெட்டிக்குள் வைக்கக்கூடாது என்பது சீவரத்தினத்துக்கும் தெரிந்துதான் இருந்தது. பாதுகாப்புத் துறைத் தலைவர் அல்லவா! அவர் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கையும் சந்தனக் கிண்ணத்தையும் எப்படித் துலக்குவார்களோ அப்படியே செய்தார். ஒரு பிடி விபூதியை அள்ளித் தட்டின்மேல் கொட்டி, வேட்டித் தலைப்பால் அழுத்தி அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அய்யாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் குணபூசணியின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாரும், வெள்ளி மாதிரி மினுங்குது," என்று சீவரத்தினம் தட்டை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெட்டிக்குள் வைத்ததும் தட்டு கர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. குணபூசணி தட்டித் தட்டிப் பார்த்தாள். டத்தோ மேடையில் பொன்னாடையோடு காத்திருந்தார். அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு படம் முழுசாகத் திரையில் வந்தது. டத்தோவின் உள்ளங்கை. அது தட்டின் நடுவட்டத்தில் முதலாவதாக ஏற்றிய படம், விபூதி அந்த அளவுக்குப் போகவில்லை. கூட்டம் எழுந்து நின்று வணங்கியது.

குணபூசணி அடுத்த வாரம் முழுக்க அந்தத் தட்டோடு போராடினாள். தண்ணீரில் கழுவினாள், பற்பசை தேய்த்தாள், யாரோ தெரிந்தவனிடமிருந்து வேறொரு பெட்டி கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தாள். முதலில் ஏற்றிய டத்தோ குடும்பத்துப் படங்கள் எல்லாம் கிடைத்தன. மற்றவை போயின. நூலகத்தை நம்பிப் படம் கொடுத்த அத்தனை வீட்டுக் கல்யாணங்களும், பிள்ளைகளும், போய்ச் சேர்ந்தவர்களும் ஒரு வேட்டித் தலைப்பில் ஒட்டிக்கொண்டு சலவைக்குப் போய்விட்டார்கள். நல்லம்மாளின் படம் மட்டும் தொடக்கத்தில் கொஞ்சம் திறந்தது. மேலேயிருந்து திரைச்சீலை வந்தது, வகிடு வந்தது, நெற்றியும் பொட்டும் வந்தன. புருவத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம்.

"சாரி அங்கிள்," என்று அவள் அழுதாள். "ரெண்டாவது பிரதியும் பாத்துட்டேன். அதுவும் அப்படித்தான்." மறுநாள் வேலையை விட்டுவிட்டாள்.

சீவரத்தினத்துக்கு இதில் தோல்வி எதுவும் தெரியவில்லை. "நெற்றி முழுசாக் கிடைச்சிருக்கு. பொட்டும் கிடைச்சிருக்கு. சுமங்கலி எண்டு ஆருக்கும் விளங்கும். வேற என்ன வேணும் உமக்கு?" என்றார். நிர்வாகக் குழு இதை மீட்பு வெற்றி என்று பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தது.

அன்று இரவு அய்யாவு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாக்கு மூட்டையையும் சொன்னார். சீதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "உங்கள ஏன்பா கொண்டுபோக வச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள். 

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. நாதஸ்வரம் வாசிக்கும்போதே டத்தோ வந்துவிட்டார், கூடவே சீவரத்தினமும், படம் எடுப்பவரும். ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அய்யாவுக்குப் பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அடியில் அவருடைய ஆலையின் முத்திரை இருந்தது. உள்ளேயிருந்து தங்க நிறச் சட்டம் போட்ட பெரிய படத்தை எடுத்தார்கள். கால்பங்கு நெற்றி, முக்கால்பங்கு சாம்பல். கீழே பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டியிருந்தது: நாற்காலி, ஐரோப்பிய பாணி. அருகே ஒரு பெண். அன்பளிப்பு: டத்தோ சபாபதி.

நாற்காலியும் படத்தில் இல்லை.

டத்தோ நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கியை வாங்கினார். "இந்தப் பெண் பாக்கியசாலி! தாயின் முகத்தை ஒரு லோரி டிரைவரால் காப்பாற்ற முடியுமா? நாம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம்! இந்தத் திருமணத்தின் படங்களையும் நம் நூலகத்துக்கே அளிப்பார்கள் என்று நான் அறிவிக்கிறேன். ஒரிஜினலாக!" கூட்டம் தட்டியது. அய்யாவின் கைகள் தாமாக எழுந்தன. பாதியில் பார்த்துக் கீழே போட்டுக்கொண்டார்.

படத்தை ஒரு மேசைமேல் சாய்த்து வைத்தார்கள். சீதா பட்டுச்சேலையோடு வந்து மாலை போட்டாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்தவள் நகரவில்லை. படத்துக்கு முன்னால் நின்று அந்தச் சாம்பலையே பார்த்தாள். மணவறையிலிருந்து ஐயர் கூப்பிட்டார். சீதா தன் கண்ணிலிருந்து விரல் நுனியில் கொஞ்சம் மை தொட்டுக்கொண்டாள்.

"அப்பா. மச்சம் எந்தப் பக்கம்? நான் வச்சிட்டுப் போறேன்."

அய்யாவு பக்கத்தில் வந்தார். கண்ணை மூடித் திரையில் பார்த்த அந்தப் பெரிய முகத்தைக் கொண்டுவரப் பார்த்தார். வகிடு வந்தது. நெற்றி வந்தது. பொட்டு வந்தது.

"சொல்லுங்கப்பா. நேரமாவுது."

அவர் விரலைச் சாம்பல் கண்ணாடியின்மேல் இடது பக்கம் கொண்டுபோனார். இல்லை என்று வலது பக்கம் கொண்டுபோனார். மறுபடி இடது பக்கம்.

"நில்லும், நில்லும்!" சீவரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வெறுங்கையால தொடாதேயும்! எண்ணெய் படும்!" சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய கையுறையை எடுத்து நீட்டினார்.

அய்யாவு அதை வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு, விரல் நீட்டியபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சீதாவின் விரலில் மை காய்ந்துகொண்டிருந்தது. "அப்படியே நில்லுங்க, அப்படியே நில்லுங்க," என்று படம் எடுப்பவர் சொன்னார். டத்தோ நடுவில் வந்து நின்று சிரித்தார்.